பின்குரல்

அவளை முதலில் பார்த்தது
சத்தமில்லாமல்தான்.
காந்தி நகர் ஆறாம் குறுக்குத் தெரு, மாடி,
குஷன் வைத்த இருட்டறை.
இருபது வினாடித் துண்டு ஒன்று
திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.
மழையில் நனைந்த பெண்
வாய் திறந்து ஏதோ கேட்கிறாள்,
மூடுகிறாள், மறுபடி கேட்கிறாள்.
மைக் முன் நின்று
"ஏன் வந்தாய்?" என்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முத்தண்ணா
கட்டைவிரலை உயர்த்தினார்.
எழுபத்தைந்து ரூபாய்.
பேருந்துக்குப் போக, ஒரு முழம் கனகாம்பரம்.

சுநேத்ரா என்பது தயாரிப்பாளர் சூட்டியது.
கதக் பக்கத்துச் சாந்தவ்வ அவள்.
பனசங்கரி ஜாத்திரையில்
தகரக் கொட்டகை நாடகக் கம்பெனியில்
ஏழு வயதில் அபிமன்யுவாகச் செத்து
எட்டில் லவனாகப் பிழைத்தவள்.
மைக் கெட்டுப்போன ராத்திரிகளில்
கடைசி வரிசைக் கடலைக்காரனுக்கும்
அவள் ஒப்பாரி கேட்குமாம்.
அந்தக் குரலைத்தான்
பெங்களூர் வேண்டாமென்றது.
"சோள ரொட்டி வாசம் வருது"
என்று சிரித்த டைரக்டர்
முகத்துக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுத்தார்.
மைசூர்க்காரி நான்.
என் கன்னடத்தில் எந்த வாசமும் இல்லை.

நாற்பத்தொரு படங்கள்.
அவள் அழுதாள், நான் மூக்கை உறிஞ்சினேன்.
அவள் ஓடினாள்,
நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கினேன்.
பொய் சொல்லும் காட்சிகளில்
இடது நாசி கொஞ்சம் விரியும்,
அதற்கு நான் அரை வினாடி விடுவேன்.
அவள் மசக்கையாக இருந்தது
பத்திரிகைக்குத் தெரியும் முன்பே
ஏழாவது ரீலில் எனக்குத் தெரிந்துவிட்டது,
வாக்கியங்கள் பாதியில் இளைத்தன.
அப்பன் யாரென்று
அவள் உதடுகூடச் சொன்னதில்லை.

ஒருமுறை ராமநகரப் பாறைமேல்
சித்திரை வெயில், வெறுங்கால்,
கைகூப்பிக் கடவுளை அழைக்கும் காட்சி.
தாளில் இருந்தது: "தாயே, என்னைக் கைவிடாதே."
உதட்டில் இருந்தது வேறு.
பதினேழு முறை ஓட்டிப் பார்த்தேன்.
'கால் சுடுது ரீ,
கால் சுடுது.'
அதன்மேல்தான் தாயைப் பொருத்தினேன்.
திரையரங்கில் பெண்கள் விம்மினார்கள்.
எனக்கு மட்டும் உள்ளங்கால் எரிந்தது.

அந்தப் படத்துக்கு அவளுக்கு மாநில விருது.
மேடையில் மைக்கை நீட்டினார்கள்.
"எல்லாருக்கும் நமஸ்காரரீ" என்றாள்.
கூட்டத்தில் சின்னதாக ஒரு சலசலப்பு,
இது யார் குரல் என்பதுபோல.
மேற்கொண்டு பேசாமல்
கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.
வீட்டில் டிவி முன் உட்கார்ந்து
பயறு பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு என் தொண்டையில் கட்டி.
அறுத்தார்கள்.
வேறு ஒரு பெண்ணை வைத்து
அவளுக்கு மூன்று படம் வந்தது, மூன்றும் படுத்தது.
'நடிப்பு போய்விட்டது' என்று எழுதினார்கள்.
அந்த வாரப் பத்திரிகையில்
பட்டாணி மடித்துக் கொடுத்தான் கடைக்காரன்.

போன மாதம் ஹுப்பள்ளியில்,
தங்கை மகள் நிச்சயதார்த்தம் முடிந்து
பசிக்கு ஒதுங்கிய கானாவளியில்
கல்லாவிலிருந்து ஒரு குரல்:
"மூணாம் டேபிளுக்கு எண்ணெய் கத்திரிக்கா!"
அடுப்படிவரை, தெருவரை, கடைசி வரிசைவரை.
முகத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்தது,
ஒரு தடவையும் கேட்டிராத குரல்.

போய்ச் சொன்னேன்.
என் தொண்டையிலிருந்து வந்தது
கரும்புச் சக்கையை மிதித்த சத்தம்.
அவள் நம்பவில்லை.
சுவரிலிருந்த டிவியில் ஏதோ பழைய படம்,
ஆளும் நானும் இல்லாதது.
பாறைக் காட்சியைச் சொன்னேன்,
வெயிலை, பதினேழு முறையை,
முப்பது வருஷமாக நான் சுமந்த அந்தச் சூட்டை.

சில்லறையை எண்ணி முடித்துவிட்டு
நிமிர்ந்தாள்.
"கால் சுடுதுன்னு யார் சொன்னா?
வசனப் பேப்பர் வரலை ரீ அன்னைக்கு.
ஒந்து, எரடு, மூறுன்னு
எண்ணிட்டு நின்னேன்."

நான் ஒன்றும் பேசவில்லை.
சூடாக இன்னொரு ரொட்டியை
என் தட்டில் போடச் சொல்லிக் கத்தினாள்.
பிறகு, யோசித்து,
"சுட்டதும் நிஜம்தான்" என்றாள்.